நான் சொல்லாமல் விட்ட ‘கொஞ்சம் கொஞ்சமாக’

செஞ்சியில் இருபத்தாறு வருடமாக ஆங்கிலம் நடத்துகிறேன். ‘டேப்பர்’ என்றால் மெல்லிய மெழுகுவர்த்தி என்றுதான் தெரியும். அது வினைச்சொல்லாகவும் வரும் என்பதை என் மனைவியின் உடம்பை வைத்துக் கற்றுக்கொண்டேன்.

தோல் நோய்க்காக அவள் மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டு வந்தாள். புதுச்சேரி டாக்டர் சீட்டில் ‘டேப்பர் அண்ட் ஸ்டாப்’ என்று எழுதினார். விளக்க வந்த நர்ஸ் என் பழைய மாணவி. நானே படித்துக்கொள்கிறேன் என்று மிடுக்காகச் சீட்டை வாங்கி வந்துவிட்டேன்.

வீட்டில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். குறைத்து நிறுத்தச் சொல்கிறார் என்று ஊகித்துச் சொன்னேன். எவ்வளவு குறைப்பது என்று மறுபடி கேட்டாள். எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வருமே.

“அதான் நிறுத்தச் சொல்லிட்டாரே, இன்னும் இன்னாத்த கொறைக்கிறது?”

மாத்திரையால் முகம் உப்பிப்போனதில் அவளுக்கு ஏற்கெனவே வருத்தம். சந்தோஷமாக மறுநாளே நிறுத்திவிட்டாள். நான்காம் நாள் குழாயடியில் மயங்கி விழுந்தாள்.

அதே புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அதே நர்ஸ்தான் குளுக்கோஸ் ஏற்றினாள். உடம்பு அந்த மருந்துக்குப் பழகிவிட்டது, வாரத்துக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே வந்திருக்க வேண்டும், உயிரே போயிருக்கும் என்றார் டாக்டர். யார் நிறுத்தச் சொன்னது என்று கேட்டார்.

“நாந்தான் டாக்டர். மொகம் வீங்கிப்போச்சேன்னு நானே நிறுத்திட்டேன்” என்றாள் என் மனைவி.

அவர் அவளைத் திட்டித் தீர்த்தார். நான் குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்தபடி நின்றேன். அவ்வளவு கேவலமாக என்றும் உணர்ந்ததில்லை. எல்லாரும் போனபின் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

“அந்தப் பொண்ணு உங்ககிட்ட படிச்சது. அது எதிர்ல நீங்க கொறஞ்சி போவணுமா?”

‘குறை’ வேறு, ‘குறைத்துக்கொண்டே வா’ வேறு. இரண்டாவதைச் சொல்ல எனக்குப் பொறுமை இருந்ததில்லை. அவளோ எனக்காகத் தன்னை ஒரே நொடியில் குறைத்துக்கொண்டாள்.

வெளியே போய், நர்ஸ் பக்கத்தில் இருக்கும்போதே, சீட்டைத் தப்பாகப் படித்தது நான்தான் என்று டாக்டரிடம் சொன்னேன். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

மூன்றாம் நாள் ஊர் திரும்பும்போது பஸ்ஸில் என் மனைவி என்னோடு பேசவில்லை. அவள் சொன்ன பொய்யை வீணாக்கிவிட்டேனாம். திண்டிவனம் தாண்டியபின் பையிலிருந்து புதுச் சீட்டை எடுத்து என்னிடமே நீட்டினாள்.

“படிங்க” என்றாள்.