மேலிடம் சேமித்த ஏழு மாதம்

எங்கள் கட்டட வேலையில் அவருக்கு மேலிடம் என்று பெயர். தொண்ணூறு மீட்டர் உயரத்தில், கிரேனின் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கிற மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவது? கம்பிக் கட்டு வந்து இறங்கினால் "மேலிடத்துக்குச் சொல்லியாச்சா?" என்பார்கள். தூக்கத் தாமதமானால் "மேலிடம் இன்னும் முடிவு பண்ணல" என்பார்கள். சொல்லிச் சேர்ப்பவன் நான். கீழே நின்றுகொண்டு வாக்கிடாக்கியில் "மேல, மேல, கொஞ்சம் இடது, நிறுத்துங்க" என்று அவருக்குக் கண்ணாக இருப்பது என் வேலை. பதினொரு வருடமாக அவர் முகத்தைவிட அவர் குரலோடுதான் எனக்குப் பழக்கம்.

காலையில் ஏணி ஏற அவருக்கு இருபது நிமிடம் ஆகும். ஏறினால் சாயங்காலம்தான் இறக்கம். சாப்பாட்டு டப்பா, தண்ணீர், அவசரத்துக்கு ஒரு காலி பாட்டில், எல்லாம் கூடவே போகும். ஒன்பது மணி நேரம் பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. சம்பளமும் அதற்கேற்றதுதான். அவர் ஒரு மாதம் வாங்குவதை என்னைப் போல மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுக்கலாம். எனக்கு அதில் பொறாமை இருந்தது, இல்லையென்று பொய் சொல்லமாட்டேன்.

போன வருடம் கண் பரிசோதனை வந்தது. டாக்டர் வருடத்துக்கு ஒரு முறை கையெழுத்துப் போட்டால்தான் அவர் ஏணியில் கால் வைக்கலாம். அந்தத் தடவை டாக்டர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தாராம். "தூரம் கணிக்கிறது குறைஞ்சிட்டு வருது. இந்த வருஷம் போட்டுத் தர்றேன். அடுத்த வருஷம் என்னைக் கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டார். மேலிடத்துக்கு அப்போது ஐம்பத்தாறு. ஒரு வருடத்தில் வேலை போகும். ஓய்வூதியம் அறுபதில்தான் தொடங்கும். நடுவில் மூன்று வருடம் அவர் எதைச் சாப்பிடுவார்?

அன்று சாயங்காலம் என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். அதுதான் முதல் தடவை. மூன்று படுக்கையறை வாடகை வீடு. ஆள் அவர் ஒருவர்தான். தங்கச்சி குடும்பம் வந்தால் தங்க ஓர் அறை, தம்பி குடும்பத்துக்கு ஓர் அறை. வருடத்தில் இரண்டு நாள் வருவார்கள். ஆறு பேர் சாப்பிடுகிற மேசையில் ஐந்து நாற்காலிகள் கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக்கோடு அப்படியே நின்றன. "கார் வாங்கினீங்களே, எங்கண்ணே?" என்று கேட்டேன். கார் தம்பியிடம் ஓடுகிறதாம். தவணை மட்டும் இவரிடம் ஓடுகிறது.

வங்கிப் புத்தகத்தை எடுத்து நீட்டினார். அதில் ஒரு மாதச் சம்பளம்கூட இல்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "பதினெட்டு வருஷமா கிரேன்ல சம்பாதிச்சு என்னதான் பண்ணீங்க? குடியா, சீட்டாட்டமா? அதுவும் கிடையாதே!"

"யார் என்ன கேட்டாலும் பாத்துக்கலாம்னு சொல்லிடுறேன், தம்பி" என்றார்.

இந்த ஒரு சொல் அவரைக் குடித்திருக்கிறது. அவர் 'பாத்துக்கலாம்' என்றால், இப்போது வேண்டாம், பிறகு யோசிக்கலாம் என்று பொருள். கேட்கிறவர்கள் காதில் அது 'அண்ணன் பார்த்துக்கொள்வார்' என்று விழும். தங்கச்சி மகன் கல்லூரிப் பேச்சு வந்தபோதும் இதைத்தான் சொன்னார். அவள் மறுநாளே நகையை வைத்து முன்பணம் கட்டிவிட்டாள். "அண்ணா, நீதானே பாத்துக்கலாம்னு சொன்ன?" என்று அவள் கேட்டாள். இவர் நகையை மீட்டு, நாலு வருடக் கட்டணத்தையும் கட்டினார். சம்பளம் கூடும்போதெல்லாம் இப்படி ஒன்று வந்து அந்தக் கூடுதலில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. தங்கச்சி, தம்பி இருவருக்கும் கல்யாணம் செய்துவைத்துவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்ட தன் கல்யாணம், தள்ளிப்போட்ட இடத்திலேயே நின்றுவிட்டது.

"முடியாதுன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வெந்துடுமா?" என்றேன்.

அவர் பிளாஸ்டிக் சுற்றிய நாற்காலிகளைப் பார்த்தார். "சொல்லலாம். அப்புறம் யார் எனக்கு போன் பண்ணுவாங்க?"

என் சம்பளம் என் கைக்கு வருமுன்பே மனைவி வழிமறித்து வாங்கிவிடுவாள். அதில் என் சாமர்த்தியம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் பெரிய ஆள் மாதிரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பெரிய வீட்டை விட்டு ஒற்றை அறைக்குப் போக வேண்டும். சம்பளத்தில் முக்கால் பங்கை ஒரு வருடம் தொடாமல் வைத்தால், மிச்சக் கால் பங்குச் செலவிலேயே அந்த மூன்று வருடத்தையும் யார் முன்னாலும் கை நீட்டாமல் தாண்டலாம். ஒரு மாதம் தவறினாலும் இடிக்கும்.

அடுத்தது பயிற்சி. தங்கச்சி வீட்டுக்கு மாடி எடுக்கப்போவதாகச் சேதி வந்திருந்தது. எந்த நேரமும் கூப்பிடுவாள். "வாக்கிடாக்கியில எங்கிட்ட சொல்லிப் பழகுங்க" என்றேன். மறுநாள் மேலேயிருந்து "முடியாது... முடியாது..." என்று வந்துகொண்டே இருந்தது. கம்பி கட்டுகிறவர்கள் கிரேன் பழுது என்று நினைத்து, கையுறையைக் கழற்றிவிட்டு நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள். மேஸ்திரி என்னைப் பிடித்துக் காய்ச்சியெடுத்தார்.

அந்த வாரமே தங்கச்சி கூப்பிட்டாள். இவர் முடியாது என்று சொல்லிவிட்டார். "சரிண்ணா" என்று அவள் வைத்துவிட்டாளாம். சண்டையில்லை, அழுகையில்லை. அதற்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை. கார் தவணையை இனி நீயே கட்டிக்கொள் என்றதும், இரண்டு வாரம் கழித்துத் தம்பியும் நிறுத்திவிட்டான்.

ஒற்றை அறைக்கு மாறினார். பணம் சேர்ந்தது. மாதம் பிறந்ததும் வங்கிப் புத்தகத்தைக் கொண்டுவந்து பள்ளிப் பிள்ளை மதிப்பெண் அட்டை காட்டுவதுபோல எனக்குக் காட்டுவார். நான் தட்டிக்கொடுப்பேன். ஆனால் ஆள் மெலிந்துகொண்டே போனார். வேலை நடுவில் காரணமில்லாமல் வாக்கிடாக்கியில் வருவார். "தம்பி, கீழ மழையா? இங்க தூறுது." "தம்பி, ரெண்டாவது கேட் பக்கம் ஒரு சிவப்பு வண்டி நிக்குதே, யாரு?" கொக்கியில் சுமை தொங்கும்போது ஊர்க்கதையா பேசுவது? "வேலையைப் பாருங்கண்ணே" என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன். சரி என்றார். அதற்கப்புறம் சுமை விஷயம் தவிர ஒன்றும் பேசவில்லை. அந்த 'சரி' இன்னும் எனக்கு உறுத்துகிறது.

ஏழாவது மாதம் ஒருநாள், சாப்பாட்டு நேரம். என் வாக்கிடாக்கியில் திடீரென்று ஒரு பெண் குரல் கேட்டது. மேலே அவர் கைபேசியை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, வாக்கிடாக்கியின் பேசுகிற பொத்தான்மேல் எதையோ அழுத்தி வைத்துவிட்டார் போலிருக்கிறது. தங்கச்சிதான்.

"என்ன விஷயம், பாப்பா?" என்றார்.

"ஒண்ணுமில்லண்ணா. சும்மாதான் கூப்பிட்டேன். உன் குரலைக் கேட்டு எவ்வளவு நாளாச்சு!"

"ஓகோ." கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம் மட்டும் வந்தது. "பிள்ளைங்க?"

"நல்லா இருக்காங்க. நீ சாப்பிட்டியா?"

"ஆச்சு. நீ?"

"ஆச்சு."

மறுபடி காற்று. எனக்கே தவிப்பாக இருந்தது. ஏதாவது பேசுங்களேன், மனிதரே! மழை பெய்கிறதா என்று அவளைக் கேளுங்கள், சிவப்பு வண்டியைப் பற்றிச் சொல்லுங்கள். இத்தனை மாதம் என்னிடம் பேசத் துடித்தவருக்கு, சொந்தத் தங்கையிடம் பேச ஒரு சொல் கிடைக்கவில்லை.

"மாடி எந்த அளவுல நிக்குது?" என்றார்.

"அது கிடக்குண்ணா. நான் அதுக்காகக் கூப்பிடல."

"கம்பி வாங்கியாச்சா?"

"இல்ல. விடுண்ணா அதை."

"எவ்வளவு குறையுது?"

"ஐயோ, வேண்டாம்ண்ணா. சத்தியமா அதுக்காக இல்ல."

"சொல்லு பாப்பா."

அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அதைக் கொடுத்தால், அந்த ஏழு மாதத்துச் சேமிப்பில் ஒரு மாதத்துப் பணம்தான் மிஞ்சும்.

"நாளைக்கு அனுப்பிடுறேன்" என்றார். உடனே அவர் குரல் மாறிவிட்டது. படிக்கட்டை வெளியே வைப்பதா உள்ளே வைப்பதா, எந்த அளவுக் கம்பி போட வேண்டும், ஜன்னல் எந்தப் பக்கம் என்று கால் மணி நேரம் மூச்சுவிடாமல் பேசினார். அவள் ஏதோ கிண்டல் செய்ய, வாய்விட்டுச் சிரித்தார். நான் வாக்கிடாக்கியைப் பிடித்துக்கொண்டு "அண்ணே, வேண்டாம்! அண்ணே!" என்று கத்தினேன். அவர் பொத்தான் அழுந்தியிருக்கும்வரை கீழேயிருந்து யார் கத்தினாலும் மேலே போய்ச் சேராது.

மணி ஒன்று. "என்ன தம்பி, கீழ ரெடியா?" என்று கேட்டார். அவ்வளவு தெம்பான குரலை நான் மாதக்கணக்கில் கேட்டதில்லை. அவர் ஏணி ஏறிச் சம்பாதிக்க இன்னும் ஐந்து மாதம்தான் மிச்சம் இருந்தது. திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தவன், அந்தக் குரல் போய்விடுமே என்று பயந்து, "ரெடிண்ணே" என்றேன்.