டைப்ரைட்டருக்குள் ஏலத்தோல்

போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் நான் டைப்பிஸ்ட்டாக இருந்தபோது, காய் தரம் பார்க்கும் ஒருவர் என் உயிரை வாங்கினார். நெட்டையான மனிதர்; நகமெல்லாம் பச்சை. கைநிறையக் காயோடு என் ஜன்னலோர மேசைக்கு வந்து, ஒவ்வொன்றாகக் கீறிப் பார்ப்பார். தோல் டைப்ரைட்டருக்குள் விழுந்து எழுத்து சிக்கும். தினமும் ஊதி ஊதியே ஓய்ந்துபோனேன்.

ஒருநாள் கத்திவிட்டேன். "ஒங்க எடத்துல வச்சுக் கீறக் கூடாதாண்ணே?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "அங்கன வெளிச்சம் பத்தல, அப்பு. வெத கருப்பா வெளுப்பான்னே கண்ணுக்குப் பிடிபட மாட்டேங்குது. மொதலாளி காதுல போட்றாத."

மறுநாள் முதலாளி கடிதத்தை நீட்டி, "ஏன்யா, பாதி எழுத்து விழல?" என்றார்.

"மிஷின் பழசுங்க" என்றேன்.

அந்தப் பொய்க்கும் சேர்த்து அந்த நெட்டை மனிதர்மேல்தான் எரிச்சல் வந்தது. ஆனாலும், சாரல் அடித்தபோதுகூட அந்த ஜன்னலை நான் சாத்தவில்லை.