செலினா வீட்டுக் கால்கள்

செலினா ரைட்அவுட் தன் வீட்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து ஆப்பு அடித்துக்கொண்டிருந்தாள். அடித்த அடியில் வீட்டைத் தாங்கும் கால் மரம் கூழாகச் சிதறி அவள் முகத்தில் கொட்டியது. கெட்ட வார்த்தை ஒன்று வெளியே வந்தது. பிறகுதான் அவள் வந்தாள்.

"இதப் பாரு ப்ளான்ச். மரமாடி இது? ஊறின ரொட்டி மாதிரி இருக்கு."

அவள் கணவர் ஹெட்லியைக் குளிப்பாட்ட நான் போயிருந்தேன். பக்கவாதம் வந்தவர்களைத் தூக்குவது, துடைப்பது, புரட்டிப் படுக்கவைப்பதுதான் என் தொழில். அந்த வீட்டில் தூக்குவது பிரச்சினையில்லை. தரைதான் பிரச்சினை, சாய்ந்திருந்தது. பிரேக்கை எடுத்தால் சக்கர நாற்காலி நேராக அடுப்பை நோக்கி ஓடும். பராமரிப்பு அலுவலகத்திலிருந்து வந்த பெண், பனி விழுவதற்குள் தரை மட்டமாகாவிட்டால் ஹெட்லியை நகரத்து முதியோர் இல்லத்துக்கு மாற்றிவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனாள். அங்கே போக அரை நாள் ஆகும். செலினாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது.

நியூஃபவுண்ட்லாந்தில் எங்கள் கரையோர வீடுகளுக்கு அஸ்திவாரம் கிடையாது. பாறைமேல் மரக்கால் நட்டு அதன்மேல் வீட்டை உட்கார வைப்போம். கால் மாற்ற ஊர் ஆண்கள் கூலியில்லாமல் வருவார்கள், வீட்டுக்காரி சூப் வைப்பாள். செலினா வீட்டுக்கும் சில வருஷம் முன்பு அப்படித்தான் வந்தார்கள். பாதி மரங்களுக்குப் பட்டை உரித்து முடிவதற்குள் கடற்கரையிலிருந்து, "கேப்ளின் வந்தாச்சு!" என்று ஒரு கூச்சல். அந்த மீன் கரையேறும் நேரத்தில் எங்கள் ஆண்கள் பிணத்தைக்கூட நடுவழியில் இறக்கி வைத்துவிட்டு ஓடுவார்கள். மிச்ச மரங்களைப் பட்டையோடு நட்டுவிட்டு வலையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பட்டை தண்ணீரைப் பிடித்துவைத்து மரத்தை அழுகவைக்கும் என்று அத்தனை பேருக்கும் தெரியும். முதலில் ஓடியவன் கார்லண்ட் பார்டி. இப்போது அவன்தான் சர்ச் நிர்வாகி. கால் மாற்றித் தரச் சொல்லி செலினா வசந்தத்திலிருந்து அவனைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். "அடுத்த வாரம் அத்தை" என்பதே அவன் பதில்.

அன்று மாலை சர்ச் கூடத்தில் விருந்து. கார்லண்ட் எழுந்து தொண்டையைச் செருமினான்.

"செலினா அத்தை நம்ம சபையோட தூண். ஹெட்லி மாமாவுக்கு ஊன்றுகோல். இந்த ஊருக்கே முட்டுக்கொடுத்து நிக்கிறவங்க."

கை தட்டினார்கள். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் ஊரில் காணிக்கை போடுகிறவன் தூண். கட்சிக்கு ஓட்டுச் சேர்ப்பவன் தூண். வாய் கோணிய புருஷனுக்கு மலம் அள்ளுகிறவளும் தூண். வீட்டுக்கு அடியில் நின்று மழையில் அழுகுவது மட்டும் வெறும் கட்டை. அதை எட்டிப் பார்க்க ஆளில்லை.

செலினா எழுந்து போய், கோட்டுப் பையிலிருந்து ஒரு கை மக்கிய மரத்தை எடுத்து அவன் கேக்மேல் போட்டாள்.

"தூண் எப்படி இருக்குன்னு தின்னு பாரு."

"அத்தை! சபையில வெச்சா?"

"வேற எங்க வெச்சு? என் வீட்டுப் பக்கம்தான் நீ தலையே காட்டறதில்லையே."

"அவன் தலை பெருசு அத்தை, வீட்டுக்கு அடியில நுழையாது" என்றான் ஒருவன். சிரிப்பு எழுந்தது. செலினா சிரிக்கவில்லை.

"சர்ச் முகப்பு வேலை முடியட்டும், வரேன். காஞ்ச மரம் பூராவும் அதுக்குத்தான் எடுத்து வெச்சிருக்கோம்."

"பின்னாடி அடுக்கியிருக்கே, அதுவா? பட்டை உரிச்சாச்சா?"

"பின்னே? சர்ச் மரமாச்சே, சுத்தமா உரிச்சாச்சு."

"ஓ. சர்ச்சுக்கு உரிக்கத் தெரியுதா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்து தன் கேக்கைச் சாப்பிட்டாள். அவள் கத்தினால் பயமில்லை. சாப்பிட்டதுதான் எனக்குக் கவலையாக இருந்தது.

மறுநாள் காலை நான் போனபோது அவள் முற்றத்தில் அந்த மரங்கள் கிடந்தன. ஹெட்லியின் நாலு சக்கர பைக்கில் கட்டி இழுத்து வந்திருக்கிறாள். ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது.

"பாத்துட்டு நிக்காத. அந்த முனையைப் பிடி."

பிடித்தேன். கார்லண்ட் நாலு ஆட்களோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது, எல்லாம் அவள் வீட்டு உயரத்துக்கு அறுபட்டிருந்தன.

"ஐயோ அத்தை, என்ன பண்ணிட்டீங்க! முகப்புக்கு இனிமே எட்டாதே!"

"எட்டாது. இங்க எட்டும். ஜாக்கி கொண்டுவந்தியா?"

கொண்டுவரவில்லை. ஒருவன் ஓடிப் போய்க் கொண்டுவந்தான். கார்லண்ட் சர்ச்சுக்குப் போடும் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டோடு ஈரப் பாறையில் மல்லாந்து படுத்தான். வேலைக்கு வந்தவனுக்குத் தேநீர் கொடுக்காத வீடு எங்கள் கரையில் இல்லை. நான் கெட்டிலை வைத்தேன். செலினா வந்து அடுப்பை அணைத்தாள்.

"கேப்ளின் சமயத்துல குடிச்ச சூப்புக்கே இப்பத்தான் வேலை நடக்குது" என்றாள்.

கடைசிக் காலும் ஏறியதும் நான் ஹெட்லியின் நாற்காலி பிரேக்கை எடுத்துவிட்டேன். நாற்காலி நகரவில்லை. அவரைக் குளிப்பாட்டத் தண்ணீர் சுடவைத்தேன்.