ஒற்றைத் தோடு

என் தங்கை டிலக்சி வலது காதில் மட்டும்தான் தோடு போடுவாள். சிவப்புக் கல் வைத்த சின்னத் தோடு, பதினாறாவது பிறந்தநாளுக்கு அம்மா வாங்கிக் கொடுத்தது. இடது காதுத் தோட்டை அடுத்த வருடமே கழற்றி அம்மாவின் கையில் கொடுத்துவிட்டாள். அந்தக் காதுமடலில் ஊசி முனையளவில் புள்ளிகள் இருக்கும். சில ஆறியவை, சில அந்த வாரத்தவை. குத்தியது நான்தான்.

டிலக்சி நெடுந்தூர ஓட்டக்காரி. ஒஸ்லோவின் கிழக்கோரத்தில், எல்லிங்ஸ்ருட்டில், காடு தொடங்குகிற இடத்தில் இருக்கிற மாடிக் குடியிருப்பில் வளர்ந்தோம். அப்பா சோதிலிங்கம் பஸ் ஓட்டுகிறார். அம்மா செல்வமலர் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு யன்னல்களுக்குக் கண்ணாடி பொருத்தும் வேலைக்குப் போனவன். எங்கள் வீட்டில் அவளுக்கு முன்பு ஓடியவர்கள் எல்லோரும் பஸ்ஸைப் பிடிக்கத்தான் ஓடினார்கள்.

காதில் குத்துவது ஏன் என்று சொல்ல வேண்டும். இந்த நாட்டு ஓட்டக்காரர்கள் பயிற்சியில் முழு மூச்சாக ஓடுவதில்லை. ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள். உடம்பு அந்த எல்லையைத் தாண்டினால் இரத்தத்தில் லக்டேட் என்கிற ஒன்று கூடிவிடும். அடுத்த நாள் கால் பாரமாகிவிடும். அதனால் ஓட்டத்துக்கு நடுவே நிறுத்தி, காதுமடலில் குத்தி, ஒரு துளியைச் சின்னக் குச்சி ஒன்றில் எடுத்து, கைக்குள் அடங்கும் ஒரு கருவியில் பார்ப்பார்கள். எண் கூடியிருந்தால் அடுத்த சுற்றை மெதுவாக ஓட வேண்டும். பயிற்சியாளர் கரோலினாவுக்கு எல்லாப் பிள்ளைகளையும் கவனிக்க நேரமில்லாததால் டிலக்சியின் காதை என்னிடம் ஒப்படைத்தார். வியர்வையை நன்றாகத் துடைக்க வேண்டும். முதல் துளியையும் துடைத்துவிட்டு இரண்டாவது துளியைத்தான் எடுக்க வேண்டும். கொஞ்சம் வியர்வை கலந்தாலும் எண் பொய் சொல்லும்.

வேகமாக ஓடக்கூடிய பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். பக்கத்தில் ஒருத்தி முந்திக்கொண்டு போகும்போது பேசாமல் விட்டுவிடக் கூடியவர்கள் குறைவு. டிலக்சி விடுவாள். போட்டி நாளில் அவர்களையெல்லாம் ஒவ்வொருவராகப் பிடிப்பாள். அதைப் பார்ப்பதற்காகவே நான் எத்தனையோ ஊர்களின் மைதானங்களில் மழைக்குள் நின்றிருக்கிறேன்.

அவள் மேல்நிலைப் பள்ளியின் கடைசி வருடத்துக்குப் போன கோடையில், நாட்டின் இளையோர் போட்டியில் இரண்டாவதாக வந்தாள். அதற்குப் பிறகு இரண்டு அழைப்புகள் வந்தன. ஒரு சப்பாத்து நிறுவனம் இரண்டு வருட ஒப்பந்தம் தருவதாகச் சொன்னது. ஒஸ்லோவிலேயே கரோலினாவிடமே பயிற்சி எடுத்துக்கொண்டு, ஓட்டத்தையே தொழிலாகச் செய்யலாம். மற்றது அமெரிக்காவில், சோளக்காடுகளுக்கு நடுவே இருக்கிற ஒரு பல்கலைக்கழகம். நாலு வருடப் படிப்பும் தங்குமிடமும் அவர்கள் பொறுப்பு; அவர்களுடைய அணிக்காக ஓட வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தால் அந்த அணியில் ஓட முடியாது. அணிக்குப் போனால் ஒப்பந்தம் கைவிட்டுப் போகும். இன்னொரு முறை வருமா என்று எவராலும் சொல்ல முடியாது. இலையுதிர்காலம் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும்.

அப்பாவுக்கு இரண்டிலும் திருப்தி இல்லை. முப்பது வருடமாக நிரந்தர வேலையில் இருக்கிறவர் அவர். "ரெண்டும் விக்காரியாட் தானே பிள்ளை," என்றார். வேறொருவரின் இடத்தில் தற்காலிகமாகப் போய் வேலை செய்வதற்கு இங்கே சொல்லும் சொல் அது. அம்மா ஒப்பந்தத்தின் பக்கம். மகள் வீட்டில் இருப்பாள், ஒஸ்லோவிலும் பல்கலைக்கழகம் இருக்கிறது, விரும்பினால் மெதுவாகப் படிக்கலாம் என்பது அவருடைய கணக்கு. நானும் அப்படித்தான் நினைத்தேன். அவளுடைய பயிற்சிக்காக வாரத்தில் இரண்டு காலைகள் பிந்தி வருவதற்கு வேலையிடத்தில் ஏற்கெனவே கேட்டு வைத்திருந்தேன்.

கரோலினா எந்தப் பக்கமும் சாயவில்லை. அங்கே போகிற பிள்ளைகளை அடிக்கடி போட்டிக்கு விடுவார்கள், சிலர் காயத்தோடு திரும்பி வந்திருக்கிறார்கள் என்றார். அதே மூச்சில், ஓட்டம் வேலையாகிவிட்டால் கால் ஓடாத நாளும் வேலை நாள்தான், பத்தொன்பது வயதில் அதைச் சுமப்பது லேசில்லை என்றும் சொன்னார்.

டிலக்சி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பாப்பம்," என்று மட்டும் சொன்னாள். அவள் 'பாப்பம்' என்றால் சம்மதம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். இரவுச் சாப்பாட்டின்போது, அடுத்த குளிர்காலத்திலும் வீட்டில் இருக்கப்போகிறவளுக்குப் பெரிய அறையை ஒதுக்கலாம் என்றுகூட அம்மா கதைத்தார்.

செப்டெம்பரில் தமிழ்ப் பள்ளியின் விளையாட்டுப் போட்டி வந்தது. பிள்ளைகளை இல்லங்களாகப் பிரித்து, கூடாரம் சோடித்து, ஒலிபெருக்கியில் அறிவிப்புகளும் கொத்துரொட்டி வாசமுமாக நடக்கிற நாள். டிலக்சி சின்ன வயதில் ஓடிய இல்லம் அவளைப் பெரியவர்களுக்கான ஆயிரத்து ஐந்நூறு மீற்றரில் ஓடச் சொல்லிக் கேட்டது. அன்று அவளுக்குப் பயிற்சி நாள். எல்லைக்குள் ஓடுவதென்றால் ஓடட்டும், முடிந்தவுடன் காதில் பார், என்று கரோலினா எனக்குச் சொல்லியிருந்தார்.

அவள் எல்லைக்குள்தான் ஓடினாள். கடைசிச் சுற்றில் ஒஸ்லோவின் தெற்கே இருக்கிற பியோர்ண்டாலைச் சேர்ந்த தர்மினி என்ற பிள்ளை மூச்சு வாங்க அவளைத் தாண்டிப் போனாள். டிலக்சி விட்டுவிட்டாள். ஒலிபெருக்கி தர்மினியின் பெயரை மூன்று தரம் சொன்னது. தர்மினியின் தாய் சத்தியபாமா அழுதே விட்டார். அந்தக் கூட்டத்துக்கு நடுவே நான் டிலக்சியை ஒரு கதிரையில் இருத்தி, காதைத் துடைத்து, குத்தி, துளியை எடுத்து எண்ணைப் பார்த்தேன். சரியான எண். எங்கள் இருவருக்கும் சந்தோசம். கொத்துரொட்டிக்கு வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அந்த மாதக் கடைசியில் டிலக்சி அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் அழைப்பில் இடம் பார்க்கப் போய்வந்தாள். எப்படி இருந்தது என்று அம்மா கேட்டதற்கு, நல்ல சேறு என்றாள். அதோடு அந்தக் கதை முடிந்தது.

ஒக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஞானமலர் அன்ரி வீட்டுக்கு வந்தார். எங்கள் குடியிருப்பிலேயே இரண்டு வாசல் தள்ளி இருப்பவர், அம்மாவின் நெடுநாள் சிநேகிதி. கையில் ஒரு பை நிறையப் பாவற்காய், ஒரு போத்தல் வெந்தயத் தூள். அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, "இவருக்குத் தந்தாலும் தின்னமாட்டார் அக்கா. குளிசை போடுறதே பெரிய பாடு," என்றார். அப்பாவுக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, இருப்பது ஊரறிந்தது.

"அவருக்கில்லை," என்றார் அன்ரி, குரலைத் தாழ்த்தி. "பிள்ளைக்கு."

அம்மாவுக்கு விளங்கவில்லை. எனக்கும்தான்.

"செல்வமலர், எங்களுக்குள்ளை மறைச்சு என்ன பிரயோசனம்? நான் கண்ணாலை கண்டனான். அந்தப் பியோர்ண்டால் பெட்டையோடை ஓட ஏலாமல் தோத்துப்போய் வந்து இருக்கிறாள், தம்பி காதிலை குத்திச் சீனி பாக்கிறான். எல்லாரும்தான் கண்டவை. இந்த வயதிலை, பாவம்."

அப்பா சோபாவில் இருந்து சிரிக்கத் தொடங்கிவிட்டார். நான் கருவியை எடுத்து வந்து, அது வேறு கருவி, வேறு பொருள் என்று விளக்கினேன். அன்ரி தலையாட்டினார். ஆனால் முகத்தில் நம்பிக்கை இல்லை. பார்வைக்கு அது சீனி பார்க்கிற கருவியைப் போலவேதான் இருக்கும்; அதே மாதிரிக் குச்சி, அதே மாதிரித் துளி. எங்கள் ஆட்களின் வீட்டில் அரைவாசிக்கு மேல் அப்படி ஒன்று மேசை லாச்சிக்குள் கிடக்கும்.

"அப்பிடியெண்டால் நல்லது," என்றார் அன்ரி. "சனம் அப்பிடிக் கதைக்கேல்லை. அதாலைதான் பிள்ளை அமெரிக்கா போகேல்லையாம், வருத்தக்காரரை அவங்கள் எடுக்கமாட்டாங்களாம் எண்டு கதைக்கினம்."

அம்மாவுக்கு அதுதான் சுட்டது. "என்ர பிள்ளைக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவங்கள் வா வா எண்டு நிக்கிறாங்கள். அவள் போகாமல் விட்டது..." என்று தொடங்கியவர் அதில் நின்றுவிட்டார். எதனால் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. குசினி வாசலில் டிலக்சி ஒரு வாழைப்பழத்தோடு நின்றாள். அம்மா திரும்பி அவளைப் பார்த்தார்.

"ஏன் பிள்ளை நீ போகேல்லை எண்டனி?"

டிலக்சி பாதி தின்ற வாழைப்பழத்தைத் தோலால் மூடிப் பிடித்தாள்.

"நான் அப்பிடிச் சொல்லேல்லையே அம்மா."

அப்பா சிரிப்பதை நிறுத்தினார். ஞானமலர் அன்ரி, அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லி எழுந்து போனார். பாவற்காயை விட்டுவிட்டுத்தான் போனார்.

அம்மா கத்தியை எடுத்தார். பாவற்காயை வட்டம் வட்டமாக வெட்டத் தொடங்கினார். டிலக்சி ஓட்டச் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு வெளியே போனாள். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். மெதுவான ஓட்டம், கதைத்துக்கொண்டே ஓடக்கூடிய வேகம். காட்டுப் பாதையில் இலைகள் ஈரமாகக் கிடந்தன. கொஞ்சத் தூரம் போன பிறகு, அங்கே என்னதான் கண்டாய் என்று கேட்டேன்.

அவள் சொன்னதை என் வார்த்தைகளில் எழுதுகிறேன். அங்கே வயல்வெளி ஓட்டப் போட்டியில் ஓர் அணிக்கு ஏழு பிள்ளைகள் ஓடுவார்களாம். முதல் ஐந்து பேரின் இடங்களைக் கூட்டித்தான் அணி எத்தனையாவது என்று பார்ப்பார்களாம். அவள் பார்த்த போட்டியில் அணியில் முதலாவதாக வந்தவள் உடை மாற்றப் போகாமல், சேற்றோடு முடிவுக் கோட்டருகில் நின்று, ஐந்தாவது பிள்ளை வரும்வரை பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாளாம். அந்த ஐந்தாவது பிள்ளை வழியில் விழுந்து எழும்பி வந்தவள். அன்று எல்லோரும் அவளுக்காகத்தான் காத்திருந்தார்கள்.

"அண்ணா, இஞ்சை நான் ஓடேக்கை பக்கத்திலை நீ சைக்கிளிலை வாறாய். அது நல்லம்தான்," என்றாள். "ஆனா ஓடுற ஒருத்தரும் பக்கத்திலை இல்லை."

நான் சைக்கிளை அவளுக்குக் கிட்டக் கொண்டுபோனேன். காயம் வந்தால், உன்னுடைய எல்லையை அங்கே எவரும் மதிக்காவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். அதைத்தான் அவர்களிடம் முதலில் கேட்டதாகவும், போட்டிகளைக் குறைத்துக்கொள்ளலாம் என்று அவர்கள் சொன்னதாகவும் சொன்னாள். ஒப்பந்தம் திரும்ப வராவிட்டால் என்றேன். "வராட்டி வராது," என்றாள். பயந்த குரல்தான். ஆனால் கால்கள் அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தன.

இவ்வளவையும் ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, அம்மா அறை ஒதுக்கிவிட்டார், நீ வேலையில் கேட்டுவிட்டாய், பிறகு எப்படிச் சொல்வது என்றாள். மைதானத்தில் மற்றவர்களை முந்த விடுவதைப் போலவே வீட்டிலும் எங்களை முந்த விட்டிருக்கிறாள். எல்லையைத் தாண்டாமல் இருக்க அவளைப் பழக்கியவர்கள் நாங்கள்தானே என்று எனக்குத் தோன்றியது.

வீட்டுக்குத் திரும்பியபோது பாவற்காய்க் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா எங்களைப் பார்க்காமல் கறியைக் கிண்டியபடி, "அங்கை குளிருமோ?" என்று கேட்டார்.

"இஞ்சை அளவுக்கு இல்லை," என்றாள் டிலக்சி.

"அப்ப சரி."

அந்தக் குழம்பை நாங்கள் எல்லோரும் சாப்பிட்டோம். அப்பாகூடச் சாப்பிட்டார். நாலு வருச விக்காரியாட் எண்டால் ரெண்டு வருசத்திலும் பாக்க நல்லம்தான் என்றார். அடுத்த நாள் டிலக்சி சப்பாத்து நிறுவனத்துக்கு நன்றி சொல்லி மறுத்துவிட்டாள். கரோலினா அவளைக் கட்டிப்பிடித்துவிட்டு, கருவியையும் ஒரு பெட்டி குச்சிகளையும் அவளுக்கே கொடுத்தார். எப்படித் துடைப்பது என்று அங்கே எவருக்காவது நன்றாகச் சொல்லிக்கொடு என்றார்.

அடுத்த ஓகஸ்டில் விமான நிலையத்துக்கு எல்லோரும் போனோம். அம்மா கைப்பையிலிருந்து அந்த இடது காதுத் தோட்டை எடுத்தார். துளை கொஞ்சம் மூடியிருந்தது. முதியோர் இல்லத்தில் எத்தனையோ பேரின் மெல்லிய தோலைப் பார்த்துப் பழகிய கை, நோகாமல் போட்டுவிட்டது. இரண்டு காதிலும் சிவப்புக் கல்லோடு டிலக்சி உள்ளே போனாள். திரும்பிப் பார்த்தாள், கை காட்டினாள், போய்விட்டாள். 

வயல்வெளிப் போட்டிகள் தொடங்கியதும் முதல் படம் வந்தது. ஏழு பிள்ளைகள் முழங்கால்வரை சேற்றோடு, தோளில் தோள் போட்டு நிற்கிறார்கள். டிலக்சி ஓரத்தில், இடது பக்கம் தெரிய நிற்கிறாள். அணியில் நாலாவதாக வந்திருக்கிறாள். ஐந்தாவதாக வந்த பிள்ளைதான் இப்போது காதில் குத்திவிடுகிறாளாம், முதல் தரம் குத்தும்போது அந்தப் பிள்ளைக்குத்தான் தலை சுற்றியதாம்.

அம்மா தொலைபேசியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, படத்தைப் பெரிதாக்கி, அந்தக் காதைப் பார்த்தார்.

"கழட்டிட்டாள்," என்றார். கோபம் இல்லை. தொலைபேசியை என்னிடம் நீட்டினார்.

"பத்திரமா வைச்சிருக்கிறாளோ எண்டு ஒருக்காக் கேள் தம்பி."