ஏறாத இடது பெடல்

நாற்பத்தைந்து வயதில், மும்பை குர்லாவில் ஒரு கடையில் வெறும் பிரேமும் உதிரிகளும் வாங்கி நானே ஒரு சைக்கிள் பூட்டினேன். சக்கரம், செயின், பிரேக் எல்லாவற்றையும் போனில் வீடியோ பார்த்தே மாட்டிவிட்டேன். இடது பெடல் மட்டும் ஏறவே இல்லை.

மரை போன பெடலை என் தலையில் கட்டிவிட்டார் என்று கடைக்காரர் மேல் ஆத்திரம். நம்மூர்க்காரர் வேறு! தாராவியிலிருந்து சைக்கிளை உருட்டிக்கொண்டே போய், கடை நிறைய ஆள் இருக்கும்போது கத்தினேன்.

"பொம்பளைக்கு என்ன தெரியும்னு ஏமாத்துதியளா?"

அவர் பெடலை வாங்கி, நான் திருகியதற்கு நேர் எதிராகத் திருகினார். வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

"எக்கா, இடது பெடல் மட்டும் உல்டாவாத்தான் ஏறும். மொத சைக்கிள் பூட்டும்போது நானும் இப்படித்தான் ஒருத்தர ஏசினேன்" என்று சிரித்தார். "ஏறி உக்காருங்க, ஓடுதான்னு பாப்போம்."

ஓடியது! நான் பூட்டிய சைக்கிள் என்னைச் சுமந்துகொண்டு ஓடியது. அந்தச் சந்தோஷத்தில் சயான் சிக்னல் வரை வந்த பிறகுதான், அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை என்பது உறைத்தது. சைக்கிளைத் திருப்பினேன்.

"எக்கா, இதுக்கா இம்புட்டுத் தூரம் திரும்பி வந்திய?" என்றார் அவர்.

மன்னிப்புக் கேட்பது எனக்கு எப்போதும் கசக்கும். அன்று எல்லோர் முன்னாலும், மூச்சிரைக்கச் சிரித்துக்கொண்டே கேட்டேன்.