கட்டுநாயக்கவிலிருந்து திருச்சிக்கு ஒரு மணி நேரம்

விமான டிக்கெட் விற்கிறவனிடம் விலையைக் கேட்பதற்கு முன்னால் எல்லாரும் கேட்கிற கேள்வி, "எவ்ளோ நேரம் பறக்கணும்?" என்பதுதான். அப்புத்தளை ஸ்டேசன் ரோட்டில் ஒரு போன் கடை மூலையில் மேசை போட்டு இந்தத் தொழிலைச் செய்கிறேன். என்னைப் போல மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைக்கிற பாவிகளே, நீங்கள் படாததா!

இம்புட்டுப் பக்கமா?

ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்து ஓய்ந்தவர் செல்லம்மா அக்கா. அவருடைய அண்ணன் சின்ன வயதிலேயே பெரியப்பா குடும்பத்தோடு கப்பலேறி இந்தியா போனவர். இப்போது திருச்சி ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். கண்ணை மூடுவதற்குள் தங்கச்சியைப் பார்க்கணும் என்று போனில் அழுகிறாராம். விசா வந்த கையோடு அக்கா என்னிடம் ஓடி வந்தார்.

கட்டுநாயக்க ஏர்போர்ட்டில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் திருச்சி என்றேன். அக்கா எட்டாத தூரம் என்று நினைத்தே ஆயுசைக் கழித்திருக்கிறார், பாவம். "அட கடவுளே, நம்ம பண்டாரவளைக்குப் போற நேரந்தானா தம்பி? இம்புட்டுப் பக்கத்துலயா இருந்திச்சு எங்கண்ணே!"

வழியனுப்பும் வேன்

எங்கள் பக்கம் ஒருத்தர் பிளேன் ஏறினால் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற அத்தனை பேரும் வேன் பிடித்து வழியனுப்பப் போவார்கள். கூப்பிடாமல் போனால் ஜென்மத்துக்கும் பேச மாட்டார்கள். விடிவதற்குள் கிளம்புங்கள், எங்கேயும் நிற்காதீர்கள் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே! கோயிலில் தேங்காய் உடைக்க நிறுத்தினார்கள். வாந்தி எடுக்கிறவர்களுக்காக வளைவுக்கு வளைவு நிறுத்தினார்கள். பெலிஹுல்ஓயாவில் ஆற்றைப் பார்த்ததும் புளிச்சாதப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டார்கள். அப்புறம் இரத்தினபுரியில் தேத்தண்ணி. "போவோங்க, போவோங்க" என்று அக்கா மட்டும் கெஞ்சிக்கொண்டே இருந்தாராம்.

போய்ச் சேர்ந்தபோது, நேரம் தாண்டிவிட்டது என்று ஏர்போர்ட்டில் உள்ளே விட மறுத்துவிட்டார்கள். அக்காவின் கொழுந்தனார் அங்கிருந்தே எனக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டார். "கையக் காட்டினா நம்ம பஸ்ஸே நிக்கிது, அவ்ளோ பெரிய பிளேன் ஒரு அஞ்சு நிமிசம் நிக்காதா?"

இரண்டாவது டிக்கெட்

அடுத்த பிளேனில் இடம் ஓரிரு நாள் தள்ளித்தான் கிடைத்தது. அதற்குள் அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார்.

எங்கே போனாலும் நாலு பேரோடு வருகிற அக்கா, அன்று தனியாக வந்து என் முன்னால் உட்கார்ந்தார். டிக்கெட்டை ரத்துப் பண்ணட்டுமா என்று மெதுவாகக் கேட்டேன். அவர் அழவில்லை, எனக்குத்தான் கண் கலங்கிப்போனது. இந்த ஒரு மணி நேரத்தை யாராவது பத்து வருசத்துக்கு முன்னால் அவருக்குச் சொல்லியிருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொண்டது. அக்கா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தார். "இருக்கட்டும் தம்பி, கருமாதிக்காவது போறேன். நான் போற நாள மட்டும் லயத்துல யாருகிட்டயும் சொல்லிராதீங்க, பஸ்ஸப் புடிச்சித் தனியாவே போயிக்கிறேன்."

இப்போதெல்லாம் எவ்வளவு நேரம் என்று கேட்பவர்களிடம், பிளேனில் ஒரு மணி நேரம், வழியனுப்புகிறவர்களோடு போனால் ஒரு ஆயுசு என்று சொல்லித்தான் டிக்கெட்டை நீட்டுகிறேன்.