வெள்ளைக் கோடு போடுகிறவர்

காரின் பானெட்டைத் தூக்கி நிறுத்தியதும் கீழ்வீட்டுக்காரர் செய்யும் முதல் வேலை, கழுத்தில் கிடக்கும் அளவு டேப்பைக் கழற்றி வாசல் கேட்டில் மாட்டுவது. "ஃபேன்ல போய் சிக்கிக்கிச்சுன்னா, அப்புறம் எனக்குத்தான் யாராவது அளவு எடுக்கணும்" என்பார். பிறகு காதில் ஒரு துண்டு ரப்பர் குழாயை வைத்துக்கொண்டு, அதன் மறுமுனையை ஓடும் இஞ்சினின் மேல் மெல்ல நகர்த்துவார். செடிக்குத் தண்ணீர் விடும் குழாயில் வெட்டிய துண்டு அது.

தொழில் தையல். கடைத்தெருத் திருப்பத்தில் ஒற்றை அறைக் கடை. இறுகிப்போன கால்சட்டையின் இடுப்பைப் பிரித்துத் தைப்பதில் பெயர் எடுத்தவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இஞ்சின். எங்கள் மாடி ஜன்னலுக்கு நேர் கீழேதான் அந்தக் கார் நிற்கும் என்பதால், வாரம் தவறாமல் எனக்குப் பேச்சும் சத்தமும் சேர்ந்தே கேட்கும்.

வேடிக்கை என்னவென்றால், அவருக்குக் கார் ஓட்ட வராது. ஓட்டுவது அவர் மனைவி. வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் நர்ஸ். ஆகவே எந்தக் கோளாறானாலும் அந்த அம்மாளை உட்கார வைத்து விசாரித்த பிறகே ஸ்பானரைத் தொடுவார்.

"ஏங்க, மறுபடியும் அதுக்கு மூச்சு வாங்குது."

"எப்போ? மேடு ஏறும்போதா, நிக்கும்போதா?"

"நிக்கும்போது."

"எடுத்த உடனேயா, சூடானப்புறமா?"

"என் பேஷண்டைக்கூட நான் இந்தக் குடை குடைய மாட்டேன்."

ஒரே நேரத்தில் இரண்டு பாகங்களை மாற்ற மாட்டார். "ரெண்டு பக்கமும் பிரிச்சுட்டா, எந்தப் பக்கம் புடிச்சுதுன்னு எப்படித் தெரியும்?" என்பார். சோதித்துச் சரி என்று தெரிந்த ஒவ்வொன்றின் மேலும் தையல் சாக்பீஸால் ஒரு சின்னக் கோடு விழும். கோடு விழுந்தால் அதன் மேல் சந்தேகம் தீர்ந்தது என்று பொருள். அந்த இஞ்சினை எட்டிப் பார்த்தால் தைக்கக் குறித்து வைத்த துணி மாதிரி இருக்கும்.

போன சனிக்கிழமை, நாற்சந்தியின் நட்டநடுவில் கார் நின்றுவிட்டது. பின்னால் லாரி ஹாரன். அந்த அம்மாள் வீடு வந்து சேர்ந்ததும் காரை விட்டு இறங்காமலே அவரைக் கூப்பிட்டார்.

"நாளைக்குள்ள சரியாகணும். இல்லன்னா திங்கக்கிழமை காலையில வொர்க்‌ஷாப்ல விட்டுடுவேன். இனிமே நீங்க அதைத் தொடவும் வேணாம். கோவிச்சுக்கக் கூடாது."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். அன்று மாலை முழுக்க விசிலடிக்காமல் இருந்தார். அவர் விசிலடிக்காத மாலை எங்கள் தெருவில் அபூர்வம்.

ஞாயிறு காலை மைத்துனர் வந்தார், கையில் ஒரு சின்னக் கருவியுடன். காரில் செருகினால் கோளாறு என்னவென்று செல்போனில் காட்டுமாம்.

"என்ன மாமா, வண்டிக்குச் சட்டை தைக்கிறீங்களா?"

"உன் அளவுக்குத் துணி பத்தலைடா, அதான் இதுக்காவது தைக்கலாம்னு."

கருவியைச் செருகினார்கள். "காத்து ஜாஸ்தியா போகுதாம் மாமா. எங்கேயோ லீக்."

"சரியாத்தான் சொல்லும். எங்கேன்னு சொல்லுதா?"

"அது உங்க வேலை."

இஞ்சினுக்குள் காற்று போகும் ரப்பர் குழாய்களை, கோடு விழாதவையாகப் பார்த்து, ஒவ்வொன்றாக ஆரம்பித்தார். துணிக்கு இஸ்திரி போடும்போது தண்ணீர் தெளிக்கும் புட்டியால் ஒயரில் படாமல் ஒரு பீச்சு. ஓட்டை இருந்தால் தண்ணீர் அதை நொடி நேரம் அடைக்கும். இஞ்சினின் சத்தம் மாறும். மாறவில்லை. அடுத்தது. மாறவில்லை. மதியத்துக்குள் கோடு இல்லாத குழாயே மிச்சமில்லை. இஞ்சின் மட்டும் விக்கிக்கொண்டே இருந்தது.

சாப்பிடக் கூப்பிட வந்த மனைவி, கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்தார்.

"ஏற்கெனவே கோடு போட்டு வெச்சிருக்கீங்களே, அதையெல்லாம் பாத்தீங்களா?"

"நல்லா இருக்குன்னுதானேம்மா கோடே போட்டேன்."

"எப்போ போட்டீங்க?"

அவர் குனிந்து பழைய கோடுகளைப் பார்த்தார்.

"போன மாசம் பிரஷர் நார்மலா இருந்துச்சுன்னு இந்த மாசம் பாக்காம விடுவேனா நானு?"

மைத்துனர் சிரிக்கப் பார்த்து, அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். தையல்காரர் ஈரத் துணியை எடுத்தார். எல்லாக் கோட்டையும் துடைத்தார். சாப்பாடு ஆறியது. மறுபடியும் முதலிலிருந்து பீச்சத் தொடங்கினார். பின்பக்கம் வளைந்து போகும் விரல் தடிமன் குழாயில் தண்ணீர் பட்டதும் விக்கல் சட்டென்று நின்றது. கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்தது. இன்னொரு பீச்சு. நின்றது.

இஞ்சினை அணைக்கச் சொல்லி, அந்தக் குழாயைக் கழற்றி வளைத்துக் காட்டினார். வளைவில் மயிரிழை விரிசல். துடைத்தும் போகாத சாக்பீஸ் தூள், விரிசலுக்குள் வெள்ளை வெளேரென்று. அவர் கோடு கிழித்த அதே இடம்.

"கண்ணு முன்னாலயே இருந்திருக்கு. நானே வெள்ளையடிச்சு மறைச்சு வெச்சிருக்கேன்!" என்று வயிறு குலுங்கச் சிரித்தார்.

கேட்டிலிருந்து டேப்பை எடுத்துப் பழைய குழாயை அளந்தார். பிஸ்கட் டப்பாவில் சுருட்டி வைத்திருந்த புதுக் குழாயில், தையலுக்கு விடுவதுபோலக் கொஞ்சம் கூட்டியே வெட்டினார். மாட்டி, கவ்வியை முறுக்கினார். வழக்கப்படி சாக்பீஸை எடுத்த கை பாதியில் நின்றது. அதைக் காதில் செருகிக்கொண்டார்.

மனைவி நாற்சந்திவரை ஓட்டிப் பார்க்கப் போனார். கேட்டருகே தலையைச் சாய்த்துக்கொண்டு இவர் நின்றார். கார் திரும்பி வந்து நின்றது. இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது; விக்கல் இல்லை.

"எல்லா சிக்னல்லயும் சிகப்பு. ஒண்ணுலகூட இஞ்சின் நிக்கலை. நாளைக்கு டூட்டிக்கு இதுலதான் போறேன்" என்று இறங்கியவர், கணவர் காதிலிருந்த சாக்பீஸை உருவி, அவர் சட்டைக் கையில் ஒரு கோடு போட்டார். "இவரையும் செக் பண்ணியாச்சு."

"அக்கா, அடுத்த மாசம் திரும்பப் பாக்கணும், மறந்துடாதே" என்றார் மைத்துனர்.

திங்கட்கிழமை என் கால்சட்டையை வாங்கக் கடைக்குப் போனேன். நேற்றைய அதே சட்டையில் விசிலடித்தபடி உட்கார்ந்திருந்தார். என் துணியில் ஒரு பொட்டு சாக்பீஸ்கூட இருக்கக் கூடாதென்று பிரஷ்ஷால் தட்டித் தட்டி மடித்தார். பையை நீட்டும்போது, தன் சட்டைக் கை மேஜையில் உரசாமல் மெல்லத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.